காசநோய்க் கிருமி தன் பிழையைத் திருத்தும் விதமும் நம் ஆறு மாத மாத்திரையும்

சென்னை ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரியிலோ ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ மாத்திரை வாங்க வருகிறவர்களிடம், சிகிச்சையின் இரண்டாவது மாதம் முடியும் வேளையில் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். இருமல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது, வேலைக்கும் போக முடிகிறது. அப்புறம் எதற்கு இன்னும் நான்கு மாதம்? எதற்கு ஒரே நேரத்தில் இத்தனை மருந்து? ஒரு நல்ல மருந்து போதாதா?

கேள்வி நியாயமானது. "கோர்ஸை முடிக்கணும், அவ்வளவுதான்" என்று அதட்டி அனுப்புவது பதில் ஆகாது. முழுப் பதிலைத் தேடிப் போனால், அது நோயாளியின் உடம்பைத் தாண்டி, கிருமிக்குள் இருக்கும் ஒரு சின்னப் புரதக் குடும்பத்தில் போய் நிற்கிறது. அதன் பெயர் நியூக்-எஸ். டிஎன்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் வகைப் புரதம். காசநோய்க் கிருமி தன் மரபுச் செய்தியைப் பிழையில்லாமல் பிரதி எடுக்க உதவுவது இதுதான். இந்தப் புரதம் ஒழுங்காக வேலை செய்வது நம்முடைய கூட்டு மருந்துச் சிகிச்சைக்கும் பெரிய துணை. கிருமியின் காவலாளியே நமக்கும் பாதுகாப்பாக இருக்கிறது என்பதை நான் முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் லேப் டெக்னீஷியன் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது இந்த இடத்தில் ஒரு தடை வரும். "சார், ஒரே மருந்தைச் சாப்பிட்டா கிருமிக்குப் பழகிடும்னு எங்க வீட்ல சொல்றாங்க" என்பார்கள். வடசென்னையில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கிருமிக்கு மருந்து பழகுவதில்லை. மருந்து உள்ளே வருவதற்கு முன்பே, அந்த மருந்துக்கு மசியாத ஒன்றிரண்டு கிருமிகள் கூட்டத்தில் பிறந்திருக்கும். மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்று அவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. 1943-ல் சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்த சோதனை இதைக் காட்டிவிட்டது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு எதிரான சக்தி, வைரஸைச் சந்திக்கும் முன்பே தற்செயலான மியூட்டேஷனாக, அதாவது மரபுச் செய்தியில் விழும் எழுத்து மாற்றமாக, வந்துவிடுகிறது என்று அவர்கள் நிரூபித்தார்கள். மருந்துக்கும் அதே கதைதான்.

அப்படியானால் கேள்வி மாறுகிறது. அந்த ஒன்றிரண்டு கிருமிகள் எவ்வளவு அடிக்கடி பிறக்கின்றன?

1970-ல் டேவிட் என்ற ஆய்வாளர் காசநோய்க் கிருமியில் இதை அளந்தார். ஐசோனியசிட் மருந்துக்கு எதிரான மியூட்டேஷன் ஏறத்தாழ 4 கோடி பிரிவுகளுக்கு (ஒரு கிருமி இரண்டாவது ஒரு பிரிவு) ஒருமுறை வருகிறது. ரிஃபாம்பிசினுக்கு, அதாவது சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அந்த மாத்திரைக்கு, கிட்டத்தட்ட 440 கோடி பிரிவுகளுக்கு ஒருமுறை. இனி நோயாளியின் பக்கம் வருவோம். "நுரையீரல்ல ஓட்டை விழுந்துடுச்சு" என்று சொல்கிறோமே, அப்படி ஒரு குழியில் 10 கோடி கிருமிகள் இருப்பது சாதாரணம், அதற்கு மேலும் இருக்கலாம். 10 கோடியாகப் பெருகுவதற்கு ஏறக்குறைய அத்தனை பிரிவுகள் நடந்திருக்க வேண்டும். ஆகவே முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே, ஐசோனியசிட்டுக்கு மசியாத கிருமிகள் அந்தக் குழிக்குள் இருக்கும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் முதல் சில வாரம் நோயாளி தேறுவார், பிறகு மிச்சமிருந்தவை பெருகி நோய் திரும்பும்.

இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டு மியூட்டேஷனும் ஒரே கிருமியில் தற்செயலாகச் சேர வேண்டும். 4 கோடியை 440 கோடியால் பெருக்குங்கள். 1,700 கோடி கோடிக்கு மேல் போகிறது. அவ்வளவு கிருமிகளுக்கு எந்த மனித நுரையீரலிலும் இடம் கிடையாது. கூட்டு மருந்தின் பலம் முழுவதும் இந்தப் பெருக்கல் கணக்கில்தான் இருக்கிறது.

இதை நம் ஊர் கண்ணால் கண்டிருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மெட்ராஸ் மாநில அரசு ஆகியவை சேர்ந்து தொடங்கியது அது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. நகரத்தின் நெரிசலான, ஏழைக் குடும்பங்களின் வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதுமா, சானடோரியத்தில் படுக்க வைத்தே ஆக வேண்டுமா என்று அந்த மையம் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-ல் வந்த முடிவு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். இது பலரும் அறிந்த செய்தி. அதே மையம் அடுத்து செய்த ஆய்வைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஐசோனியசிட்டைத் தனியாகக் கொடுப்பதையும், பாஸ் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சேர்த்துக் கொடுத்தது தெளிவாக முந்தியது. தனியாகக் கொடுத்தவர்களில் தேறாமல் போனவர்களின் சளியில் ஐசோனியசிட்டுக்கு மசியாத கிருமி வளர்ந்தது. மேலே நாம் போட்ட பெருக்கல் கணக்கை மெட்ராஸ் நோயாளிகளின் சளியே உறுதிசெய்தது.

சரி, 4 கோடிக்கு ஒன்று, 440 கோடிக்கு ஒன்று என்ற இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? அவற்றை யார் இவ்வளவு தாழ்வாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? இங்கேதான் டிஎன்ஏ பழுதுபார்ப்பு வருகிறது.

காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி 44 லட்சம் எழுத்துகள் நீளம். ஒவ்வொரு முறை பிரியும்போதும் அத்தனையையும் பிரதி எடுக்க வேண்டும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஏ-வுக்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி என்று நான்கு எழுத்துகளையும் ஜோடி சேர்ப்பது பாலிமரேஸ் என்ற நொதியின் வேலை. வெறும் பாலிமரேஸை மட்டும் நம்பினால் சுமார் ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு தப்பு விழும். 44 லட்சத்துக்கு நாற்பது சொச்சம் தப்பு. ஆனால் நடப்பில் ஏறக்குறைய ஆயிரம் பிரிவுகளுக்கு ஒரு தப்புதான் நிலைக்கிறது. நடுவில் இருக்கும் அந்தப் பெரிய வித்தியாசம் முழுவதும் திருத்தும் வேலையால் வருவது.

திருத்தம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் எழுதும்போதே. தப்பான எழுத்தைச் சேர்த்தவுடன், ஒரு அடி பின்வாங்கி அதை நறுக்கி எறிந்துவிட்டுச் சரியானதைச் சேர்ப்பது. குடலில் வாழும் இ.கோலை போன்ற கிருமிகளில் இதற்கென்று தனிப் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். காசநோய்க் கிருமியிலும் அப்படித்தான் இருக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2015-ல் பார்த்தால், அதன் பாலிமரேஸின் உடம்பிலேயே பிஹெச்பி என்ற ஒரு பகுதி அந்த நறுக்கும் வேலையைச் செய்கிறது. அந்தப் பகுதியைக் கெடுத்தால் மியூட்டேஷன் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் எகிறுகிறது.

இரண்டாவது கட்டம், எழுதி முடித்த பிறகு விட்டுப்போன தப்புகளைத் தேடிப் பிடிப்பது. இ.கோலையில் இது எப்படி நடக்கிறது என்று பால் மோட்ரிச் விவரமாகக் கண்டுபிடித்தார். 2015-ன் வேதியியல் நோபல் பரிசில் தாமஸ் லிண்டால், அஸீஸ் சன்ஜார் ஆகியோரோடு அவருக்கும் பங்கு கிடைத்தது அதற்காகத்தான். மியூட்-எஸ் என்ற புரதம் பொருந்தாத ஜோடியைக் கண்டுபிடிக்கும். மியூட்-எல் அடுத்த ஆளைக் கூப்பிடும். மியூட்-ஹெச் புது இழையை மட்டும் அடையாளம் கண்டு அதில் ஒரு கீறல் போடும். பிறகு அந்தத் துண்டை உரித்து எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். மனிதர்களிலும் மியூட்-எஸ், மியூட்-எல் இரண்டின் உறவுப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் மரபணு கெட்டுப் பிறந்தவர்களுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைப் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். பாக்டீரியாவிலிருந்து மனிதன்வரை ஒரே முறை என்பதால், இதுதான் உலகப் பொதுவான வழி என்றே பாடப் புத்தகங்கள் எழுதின.

1998-ல் காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டது. அதில் மியூட்-எஸ்ஸும் இல்லை, மியூட்-எல்லும் இல்லை. இரண்டாம் கட்டத் திருத்தம் இல்லாத கிருமி கன்னாபின்னாவென்று பிழை செய்ய வேண்டும். ஆனால் அதன் மியூட்டேஷன் வேகமோ, திருத்தம் உள்ள மற்ற கிருமிகளைப் போலவே தாழ்வாக இருந்தது. இந்த முரண்பாடு ஏறத்தாழ இருபது வருடம் பதிலில்லாமல் கிடந்தது.

பதில் வேறு வீட்டிலிருந்து வந்தது. கடலின் அடியில், கொதிக்கும் வெந்நீரில் வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களில் 2009-ல் ஒரு நியூக்ளியேஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஒற்றை இழை டிஎன்ஏவை வெட்டுவதால் அதற்கு நியூக்-எஸ் என்று பெயர் வைத்தார்கள். 2016-ல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் இஷினோ குழு, இதே குடும்பப் புரதம் இரட்டை இழையில் பொருந்தாத ஜோடி இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டுகிறது என்று காட்டியது. அவர்கள் வைத்த பெயர் எண்டோ-எம்எஸ். இந்தக் குழுவின் யோஷிசுமி இஷினோதான் 1987-ல், இன்று மரபணுவைத் திருத்தும் கருவியாக, கிரிஸ்பர் என்று உலகமே பேசும் அந்த விசித்திரமான டிஎன்ஏ வரிசையை முதன்முதலில் இ.கோலையில் பார்த்தவர்.

இன்னொரு பக்கம் ஸ்பெயின் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமியில் தேடலைத் தொடங்கியது. மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்ற அந்தக் கிருமி நோய் தராது, மூன்று மணி நேரத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமி இரண்டாகப் பெருக ஒரு நாள் எடுக்கும் என்பதால், இப்படிப்பட்ட ஆய்வுகளை முதலில் உறவுக்காரனில்தான் செய்வார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வகைகளை, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மரபணு சிதைந்திருக்கும்படி தயாரித்து, எது வழக்கத்துக்கு மேல் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைப் பெறுகிறது என்று பார்த்தார்கள். சிக்கியது நியூக்-எஸ் மரபணு. அதை நீக்கியபோது ரிஃபாம்பிசின் எதிர்ப்பு வரும் வேகம் நூறு மடங்கையும் தாண்டியது. மியூட்-எஸ், மியூட்-எல் எதுவும் இல்லாமல், வேறொரு புரதத்தைக் கொண்டு அதே வேலையை இந்தக் கிருமி செய்துகொண்டிருந்தது. 2017-ல் அந்த ஆய்வு வெளியானது.

இந்தப் புரதம் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நியூக்-எஸ் இரட்டையாகத்தான் இயங்கும். ஒரே மாதிரியான இரண்டு பிரதிகள் சேர்ந்து டிஎன்ஏவை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். பொருந்தாத ஜோடியின் இரண்டு எழுத்தையும் சுருளுக்கு வெளியே புரட்டி, தனக்குள் இருக்கும் பள்ளங்களில் வைத்துப் பார்க்கும். ஆர்க்கியா புரதத்தின் படிக அமைப்பில் இது தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு செய்வதுதான் ஆச்சரியம். மியூட்-ஹெச் மாதிரி ஒரு இழையில் மட்டும் கீறாமல், நியூக்-எஸ் இரண்டு இழையையும் வெட்டிவிடும். தப்பு நடுவில் இருக்க, இரு முனைகளிலும் ஐந்தைந்து எழுத்து நீட்டிக்கொண்டிருக்கும்படி டிஎன்ஏ இரண்டாகத் துண்டாகிறது. ஒரு செல்லுக்கு டிஎன்ஏ முழுதாக அறுந்துபோவதைவிடப் பெரிய ஆபத்து குறைவு. ஒரு எழுத்துப் பிழைக்காக அவ்வளவு பெரிய வெட்டா என்று தோன்றும். காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்திருந்தால் இது விளங்கும். கிழிந்த இடத்தில் தொங்கும் நூலை மட்டும் முடிச்சுப் போட மாட்டார்கள். சுற்றியிருக்கும் நல்ல கண்ணிகளிலும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு, உறுதியான ஓரத்திலிருந்து புதிதாகப் பின்னிக்கொண்டு வருவார்கள். கிருமியில் அந்த உறுதியான ஓரம் அப்போதுதான் எடுத்த மற்றொரு பிரதி. பிரதி எடுத்த உடனே செல்லுக்குள் இரண்டு டிஎன்ஏ இருக்கிறது. அறுந்த பிரதியை முழுப் பிரதியைப் பார்த்துப் பின்னுவதற்கு ஹோமோலோகஸ் ரீகாம்பினேஷன் என்று பெயர். நியூக்-எஸ் போட்ட வெட்டும் பெரும்பாலும் இந்த வழியில்தான் மூடப்படுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்த இழை பழையது, எது புதியது என்று பிரித்தறியும் தொல்லையும் இந்த முறையில் இல்லை.

இவ்வளவு ஆபத்தான கருவி கண்ட இடத்தில் வெட்டினால் கிருமி செத்துப்போகும். அதற்குக் கடிவாளம் இருக்கிறது. பிரதி எடுக்கும் பாலிமரேஸை டிஎன்ஏ மேல் வழுக்காமல் பிடித்து வைக்கும் வளையப் புரதத்துக்கு பீட்டா கிளாம்ப் என்று பெயர். நியூக்-எஸ்ஸின் வால்முனை அந்த வளையத்தோடு கோத்துக்கொள்ளும். காசநோய்க் கிருமியின் இன்னொரு உறவான கோரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கத்தில் செய்த சோதனைகளில், இந்த வளையத்தோடு சேர்ந்திருக்கும்போதுதான் வெட்டு நன்றாக விழுந்தது. அதனால் பிரதி எடுக்கும் இடத்தை ஒட்டியே, புது டிஎன்ஏ சூடாக இருக்கும்போதே வேலை முடிகிறது.

இந்தக் குடும்பம் ஆக்டினோபாக்டீரியா என்ற பெரும் வகுப்பில் பரவலாக இருக்கிறது. ஆர்க்கியாவிலிருந்து எப்போதோ கைமாறி வந்திருக்க வேண்டும் என்பது பரம்பரை மரங்களை ஆராய்ந்தவர்களின் கருத்து. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ்களும் இதே வகுப்புதான், அவற்றிலும் நியூக்-எஸ்தான் திருத்துகிறது. முதல் காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அந்த வகைக் கிருமியிலிருந்து கிடைத்தது. ரிஃபாம்பிசினின் மூலப்பொருளைத் தந்த மண் பாக்டீரியாவும் அதே வகுப்பைச் சேர்ந்தது. நோயும் மருந்தும் ஒரே பெரிய குடும்பத்தில் பிறந்தவை.

இப்போது ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். சளியைக் கொடுத்ததும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை செய்கிறார்களே, சிபிநாட் கருவி ரிஃபாம்பிசின் எதிர்ப்பைத் தேடுவது ஆர்பிஓ-பி என்ற மரபணுவின் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதியில்தான். அங்கே உலகம் முழுவதும் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் ஒரே ஒரு எழுத்து: டிசிஜி என்று இருக்க வேண்டியது டிடிஜி ஆகிவிடுகிறது. சி போய் டி வந்துவிட்டது. இந்தத் தப்பு பிறக்கும் ஒரு வழி, பிரதி எடுக்கும்போது ஜி-க்கு எதிரே சி வைப்பதற்குப் பதில் டி வைத்துவிடுவது. அதாவது ஜி-டி ஜோடி. நியூக்-எஸ் குடும்பம் மிக நன்றாகப் பிடித்து வெட்டும் பொருந்தாத ஜோடிகளில் ஜி-டி முதல் வரிசையில் இருக்கிறது. ஜி-ஜி, டி-டி ஆகியவை மற்றவை. பரிசோதனைக் கருவியின் திரையில் 'ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ஸ் டிடெக்டட்' என்று வருகிறதே, அதில் பெரும் பங்கு, இந்தப் புரதம் தன் கையில் சிக்கியிருக்க வேண்டிய ஒரு ஜோடியைத் தவறவிட்டதால் வந்திருக்கக்கூடியது. டிபி கிருமிகளில் பெரும்பாலானவை ரிஃபாம்பிசினுக்கு இன்னும் மசிகின்றன என்றால், அந்த ஜி-டி ஜோடிகள் பிரிவுக்குப் பிரிவு வெட்டி எறியப்படுவதும் அதற்கு ஒரு காரணம்.

எல்லாத் தப்பையும் நியூக்-எஸ் பிடிப்பதில்லை. ஏ-சி, சி-சி போன்ற ஜோடிகளை அது பெரும்பாலும் விட்டுவிடும். ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ போவதையும் அது திருத்துவதில்லை என்று 2020-ல் வந்த ஆய்வு காட்டியது. மியூட்-எஸ் முறை இந்த வகைப் பிழையை நன்றாகத் திருத்தும். சின்ன விஷயம் மாதிரி தெரிகிறது, ஆனால் இல்லை. காசநோய்க் கிருமியில் ஜிஎல்பி-கே என்ற மரபணுவில் ஏழு சி வரிசையாக வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு எழுத்து கூடிவிட்டால் மரபணு அணைந்துவிடும், கிருமி மருந்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். பிறகு அந்த எழுத்து குறைந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். நிரந்தர எதிர்ப்பு இல்லை, போய்வரும் தாக்குப்பிடிப்பு. நியூக்-எஸ் பார்க்காத மூலையில் நடப்பது இது.

இதோடு, கிருமியிடம் வேண்டுமென்றே பிழையோடு எழுதும் ஒரு பாலிமரேஸும் இருக்கிறது. டிஎன்ஏ-இ2 என்று பெயர். டிஎன்ஏ பலமாகச் சேதமானால் மட்டும் எழுந்து வரும், சிதைந்த இடத்தைத் தாண்டி எப்படியோ எழுதி முடிக்கும். நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கி அதன்மேல் ஆக்ஸிஜன் வேதிப்பொருள்களைக் கொட்டும்போது டிஎன்ஏ சேதமாகும். லீவோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்துகளும் டிஎன்ஏவைத்தான் குறிவைக்கின்றன. 2003-ல் வந்த ஆய்வு, இந்தப் பாலிமரேஸை நீக்கினால் எலிகளில் கிருமி பலவீனமாவதையும், மருந்து எதிர்ப்பு வருவது குறைவதையும் காட்டியது. நிதானமாக இருக்கும்போது கவனமாக எழுது, உயிருக்கு ஆபத்து வந்தால் கிறுக்கியாவது முடி என்ற இரண்டு ஏற்பாடும் ஒரே கிருமிக்குள் இருக்கின்றன.

நியூக்-எஸ்ஸே பழுதான கிருமி நோயாளிகளிடம் உண்டா? மற்ற நோய்களில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலில் வருடக்கணக்கில் தங்கும் சூடோமோனாஸ் கிருமிகளில், திருத்தும் முறை கெட்டுப்போன வகைகள் சர்வசாதாரணம் என்று 2000-ல் தெரியவந்தது. மூன்றில் ஒரு நோயாளிக்கு மேல் அவை இருந்தன. காசநோயில் அப்படிப் பரவலாகப் பார்க்கவில்லை. ஆனால் 2017 ஆய்விலேயே, நோயாளிகளிடமிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகளின் நியூக்-எஸ் மரபணுவில் எழுத்து வேறுபாடுகள் இருப்பதைக் கவனித்து, அவற்றை ஸ்மெக்மாட்டிஸில் வைத்துச் சோதித்தார்கள். பெரும்பாலானவை சரியாக வேலை செய்தன. சில அரைகுறை. ஒரு வகையில் மியூட்டேஷன் வேகம் பல பத்து மடங்கு கூடியது.

அப்படி ஒரு கிருமியில் வேகம் நூறு மடங்கு கூடிவிட்டதாக வைத்து நம் பெருக்கலை மறுபடி போடுவோம். ஐசோனியசிட்டுக்கு 4 கோடிக்கு ஒன்று என்பது 4 லட்சத்துக்கு ஒன்றாகும். ரிஃபாம்பிசினுக்கு 440 கோடி என்பது நான்கரைக் கோடிக்குள் வந்துவிடும். இரண்டையும் பெருக்கினால் சுமார் 17 லட்சம் கோடி. 10 கோடி கிருமிகள் உள்ள குழிக்கு அதுவும் எட்டாத எண்தான். ஆக, கூட்டு மருந்து தாக்குப்பிடிக்கிறது. முதல் இரண்டு மாதம் இந்த இரண்டோடு எதாம்பியூட்டால், பைரசினமைடையும் சேர்த்து நான்கு மருந்து ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கிருமியின் காவல் தளர்ந்தாலும் நம் காவல் தளராதபடி போட்ட ஏற்பாடு அது.

ஆனால் அந்தக் கிருமி ஏற்கெனவே ஐசோனியசிட்டுக்கு மசியாததாக இருந்தால் பெருக்கல் போய்விடும். மிஞ்சுவது ரிஃபாம்பிசினின் எண் மட்டும். அதுவும் நான்கரைக் கோடிக்குள் இறங்கியிருந்தால், குழிக்குள் இருக்கும் 10 கோடியில் இரண்டு எதிர்ப்பும் சேர்ந்த கிருமி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இது கற்பனையான அச்சம் இல்லை. 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய அளவிலான ஆய்வில், இதுவரை சிகிச்சை எடுக்காத புது நோயாளிகளிலேயே சுமார் 11 சதவீதம் பேரிடம் ஐசோனியசிட்டுக்கு மசியாத கிருமி இருந்தது. ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களில் அது சுமார் 25 சதவீதம். இதனால்தான் இந்தியாவில் கடைசி நான்கு மாதமும் ஐசோனியசிட், ரிஃபாம்பிசினோடு எதாம்பியூட்டாலையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

ஆறு மாதம் என்ற நீளத்துக்கு முக்கியக் காரணம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் வேகமாகப் பிரியும் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும், அதனால்தான் இருமல் நிற்கிறது. மந்தமாக, பிரியாமல் பதுங்கிக் கிடப்பவை மிச்சம் இருக்கும். அவற்றைக் கொல்லத்தான் நாள் பிடிக்கிறது. பாதியில் நிறுத்தினால் பதுங்கியவை மறுபடி பிரியத் தொடங்கும். ஒவ்வொரு பிரிவிலும் 44 லட்சம் எழுத்து மறுபடி எழுதப்படும், ஒவ்வொரு பிரிவும் நியூக்-எஸ் ஒரு ஜி-டி ஜோடியைத் தவறவிடுவதற்கான புது வாய்ப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், மணலி பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர், கூலி போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுவது எனக்குப் புரிகிறது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருகிறது, அதையாவது கேட்டு வாங்குங்கள்.

அதோடு இன்னொன்றையும் கேளுங்கள். சிபிநாட்டும் ட்ரூநாட்டும் பொதுவாக முதலில் சொல்வது ரிஃபாம்பிசினைப் பற்றி மட்டும். ஐசோனியசிட் எதிர்ப்பை அறிய எல்பிஏ என்ற வேறு பரிசோதனை இருக்கிறது. கேட்-ஜி, இன்-ஹெச்-ஏ என்ற இரண்டு மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று அது பார்க்கும். அரசு காசநோய்த் திட்டத்தில் இதற்குக் காசு கிடையாது. முன்பு ஒருமுறை டிபி மாத்திரை சாப்பிட்டவரானாலும், இரண்டு மாதம் முடிந்தும் சளியில் கிருமி தெரிந்தாலும், "எல்பிஏவுக்குச் சளி போயிருக்கா, ரிசல்ட் என்ன?" என்று மாத்திரை தரும் இடத்திலேயே நேராகக் கேட்கலாம். எதிர்ப்பு இருப்பதாக வந்தால் ஐசோனியசிட்டை எடுத்துவிட்டு லீவோஃப்ளாக்ஸசினைச் சேர்த்து, ரிஃபாம்பிசின், எதாம்பியூட்டால், பைரசினமைடோடு ஆறு மாதம் கொடுப்பார்கள்.